நகை, பட்டு, பாட்டில்: விளம்பரப் படப்பிடிப்புக்கான கருவியும் கைமுறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், நிகழ்ச்சி என்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நகைக் கடை, ஜவுளிக் கடை, குளிர்பான விளம்பரம் என்று இந்தப் பக்கம் வரும்போது கேட்கும் கேள்விகள் இவை. கேமராவை இயக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறோம்.

எத்தனை மெகாபிக்சல் கேமரா வாங்க வேண்டும்?

படம் எங்கே அச்சாகப் போகிறது என்று முதலில் கேளுங்கள். நாளிதழின் முழுப்பக்கம் சுமார் 33 × 52 செ.மீ. நாளிதழ் அச்சுக்கு 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி) போதும். கணக்குப் போட்டால் 2600 × 4100 பிக்சல், அதாவது 11 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும். வழுவழுப்பான தாளில் வரும் வார இதழ், கேட்லாக் ஆகியவற்றுக்கு 300 டிபிஐ. 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000 × 4000 பிக்சல், 20 × 13 அங்குலம் வரை தாங்கும்.

ஹோர்டிங் என்றதும் பலர் பயந்துவிடுகிறார்கள். 40 × 20 அடி ஃப்ளெக்ஸில் 6000 பிக்சலை விரித்தால் அங்குலத்துக்கு 12 பிக்சல் சொச்சம்தான். ஒரு பிக்சல் 2 மி.மீ. அகலம் இருக்கும். ஆனால் 30 மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணால் ஏறக்குறைய 9 மி.மீ.க்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. சாலையோரத்துக்கு 24 மெகாபிக்சல் தாராளம்.

உண்மையில் அதிக பிக்சல் கேட்பது கடைக்குள் வைக்கும், பின்னாலிருந்து ஒளிரும் பேக்லிட் போர்டு. 6 × 4 அடி போர்டை வாடிக்கையாளர் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பார். 100 டிபிஐ என்றாலே 7200 × 4800 பிக்சல், சுமார் 35 மெகாபிக்சல் ஆகிறது. இந்த வேலை அடிக்கடி வந்தால் 45 மெகாபிக்சல் கேமரா வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. எப்போதாவது வந்தால், 100 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கேமராவை அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, வாடகையைப் பில்லில் சேர்த்துவிடுங்கள்.

பட்ஜெட் குறைவு. எதில் முதலில் பணம் போடுவது?

இருக்கிற கேமராவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே கம்பெனியின் இரண்டு ஸ்ட்ரோப் (ஸ்டுடியோ ஃபிளாஷ்), பிறகு மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ், பிறகு நல்ல கனமான ஸ்டாண்டுகள், ஒரு பூம் கை, மணல் மூட்டைகள். ஸ்ட்ரோப்பின் வாய் பரவலாகப் புழங்கும் போவன்ஸ் மவுண்ட்டாக இருக்கட்டும். அதில் மாட்டி ஒளியைப் பரப்பவோ குறுக்கவோ உதவும் சாஃப்ட்பாக்ஸ், ஸ்னூட், கிரிட் எல்லாம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், வாடகைக்கும் கிடைக்கும். 30 × 120 செ.மீ. ஸ்ட்ரிப்பாக்ஸ் இரண்டு கட்டாயம்.

மிச்சமெல்லாம் ஸ்டேஷனரிக் கடையிலேயே இருக்கிறது: தெர்மகோல் ஷீட், கறுப்பு சார்ட், ட்ரேசிங் பேப்பர் ரோல், பைண்டர் கிளிப், பால் நிற அக்ரிலிக் ஷீட். ரிஃப்ளெக்டர் என்று விலை போட்டு விற்பதைவிடத் தெர்மகோல் நன்றாகவே வேலை செய்யும். மணல் மூட்டையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பூமில் தொங்கும் லைட் கிளையன்ட்டின் ஆரத்தின்மேல் விழுந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதோடு போய்விடும்.

ஸ்ட்ரோபா, எல்இடியா?

அசையும் எதற்கும் ஸ்ட்ரோப்: மாடல், புடவை பறப்பது, தண்ணீர் தெறிப்பது. அசையாத நகைக்கு எல்இடி வசதி. உலோகத்தில் எந்த இடத்தில் என்ன பிரதிபலிக்கிறது என்று எடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துத் திருத்தலாம். ஒரே பொருளை 30 ஃபிரேம் எடுக்கும்போது ஃபிளாஷ் சார்ஜ் ஆகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் எல்இடியில் ஷட்டர் வேகம் குறையும். மரத் தளத்தில் யாராவது நடந்தால்கூடப் படம் ஆடும். கான்கிரீட் தரையில் வைத்து எடுங்கள்.

எல்இடி வாங்கும்போது சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண்) 95க்கு மேல் என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தச் சராசரியில் அடர் சிவப்பு சேர்வதில்லை. ஆர்9 என்ற தனி எண்ணைப் பாருங்கள். அது 90க்கு மேல் இருந்தால்தான் கெம்பும் அரக்குப் பட்டும் அதனதன் சிவப்பில் வரும். மலிவு எல்இடியில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

ஸ்ட்ரோப்பில் எடுப்பதானால் ஒரு சோதனை: எல்லா அமைப்பையும் வைத்துவிட்டு, ஸ்ட்ரோப்பை மட்டும் அணைத்து ஒரு ஃபிரேம் எடுங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் அறையின் டியூப் லைட்டோ ஜன்னலோ உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். பிறகு நிறத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எவ்வளவு வாட் செகண்ட் வேண்டும்?

வாட் செகண்ட் என்பது ஃபிளாஷின் பவர் அளவு. மேஜை அளவுப் பொருளுக்கு 400 வாட் செகண்ட். இது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் சாஃப்ட்பாக்ஸுக்கு முன்னால் இன்னொரு ட்ரேசிங் பேப்பர் திரை தொங்கவிட்டால் 1 முதல் 2 ஸ்டாப் போகும் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும்). மேக்ரோவில் பொருள் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்படி 1:1 அளவுக்கு நெருங்கினால் இன்னும் 2 ஸ்டாப் போகும். லைட்டை இரட்டிப்புத் தூரம் தள்ளினால் மேலும் 2. எல்லாம் சேர்ந்தால் 200 வாட் செகண்ட் லைட் மூச்சு வாங்கும்.

எந்த லென்ஸ்?

90 முதல் 105 மி.மீ. மேக்ரோ. நகைக்கும் பாட்டிலுக்கும் உணவுக்கும் இது ஒன்றே போதும். 50 மி.மீ. மேக்ரோ வாங்காதீர்கள்; பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே லைட் நுழைய இடம் இருக்காது, கேமரா தங்கத்தில் தெரியும். மாடலுடன் புடவைக்கு 85 மி.மீ. அல்லது 70–200. டில்ட்-ஷிப்ட் லென்ஸ், மேஜையில் வரிசையாக வைத்த பொருட்களை ஒரே ஃபிரேமில் ஃபோகஸில் கொண்டுவரும். நல்ல கருவிதான், ஆனால் முதல் வருடத்தில் வாங்க வேண்டியதில்லை.

தங்க நகை எடுத்தால் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளுப்பு. நடுவில் கேமராவே தெரிகிறது. என்ன செய்வது?

மெருகு போட்ட தங்கத்துக்குத் தன் நிறம் என்று தனியாகத் தெரிவது கொஞ்சம்தான். சுற்றி இருப்பதைத் தன் மஞ்சளில் தோய்த்துத் திருப்பிக் காட்டும். ஆகவே நகைக்கு லைட் அடிப்பது என்றால் நகையைச் சுற்றி என்ன வைக்கிறோம் என்பதுதான்.

ஒரு ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குடை கிட்டத்தட்ட அறை முழுவதையும் பிரதிபலிக்கும். ட்ரேசிங் பேப்பரை அரை உருளையாக வளைத்து ஜிமிக்கியைச் சுற்றி நிறுத்துங்கள். மேலே இன்னொரு தாளால் மூடுங்கள். முன்னால் லென்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்கு மட்டும் திறப்பு. இடப்பக்க மேலிருந்து ஒரு ஸ்ட்ரோப், தாளிலிருந்து 30 செ.மீ. தூரத்தில். இந்தத் தூரம்தான் முக்கியம். 30 செ.மீ.யில் தாளின் நடுவில் வெளிச்சம் கூடியும் ஓரம் போகப்போகக் குறைந்தும் விழும். அந்தச் சரிவுதான் குடையில் உருண்டை என்று தெரியவைக்கிறது. அதே லைட்டை ஒரு மீட்டர் தள்ளினால் தாள் முழுவதும் ஒரே வெள்ளையாகி, தங்கம் பிளாஸ்டிக்கில் முலாம் பூசியது போல ஆகிவிடும். இணையத்தில் விற்கும் லைட் டென்ட் கூடாரங்களில் நடப்பதும் இதுவே.

அடுத்து, கறுப்பு. சார்ட்டில் 1 முதல் 2 செ.மீ. அகலத்தில் துண்டுகள் வெட்டி, தாளுக்கு உட்புறம், ஜிமிக்கியின் இரு ஓரங்களுக்கு நேராக ஒட்டுங்கள். விளிம்பில் மெல்லிய கருங்கோடு விழும். பின்னணி வெள்ளையாக இருந்தாலும் நகை கரையாது. கோடு தடித்துவிட்டால் துண்டை இன்னும் ஒல்லியாக வெட்டுங்கள்.

கேமரா தெரிவதை மறைக்கக் கறுப்புத் துணியில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டு மாட்டலாம். எடுப்பவரும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளட்டும்; சிவப்புச் சட்டை போட்டு வந்தால் ஆரம் முழுக்கச் செம்பு நிறம் ஏறும். தங்க நிற ரிஃப்ளெக்டர் அட்டையை அடக்கமாகப் பயன்படுத்துங்கள். 22 காரட்டுக்கு உரிய மஞ்சளைவிடச் சிவந்துவிட்டால், கடையில் நகையைக் கையில் வாங்கிப் பார்க்கும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

நகையைப் பருத்திக் கையுறையுடன் தொடுங்கள். தூசியை ப்ளோயரால் ஊதி எடுத்துவிட்டு மைக்ரோஃபைபரால் துடையுங்கள். கெம்பு, குந்தன் போன்ற ஃபாயில் வைத்த கற்கள் உள்ள நகையைத் தண்ணீரிலோ கிளீனரிலோ நனைக்கவே கூடாது; ஈரம் ஃபாயிலுக்குள் இறங்கினால் கல் கறுத்துவிடும், பழையபடி ஆகாது.

கடையிலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் எடையோடு பட்டியல் போட்டு, வாங்கும்போதும் திருப்பும்போதும் இரு தரப்பும் கையெழுத்து போடுங்கள். கடை ஆள் ஒருவர் படப்பிடிப்பு முடியும்வரை கூடவே இருக்கட்டும்.

எஃப் 22 வைத்தும் ஜிமிக்கி முழுவதும் கூர்மையாக வரவில்லை. ஏன்?

பொருளை சென்சாரில் பாதி அளவுக்குப் பதிக்கும் நெருக்கத்தில் எஃப் 22 உண்மையில் எஃப் 33 போல நடந்துகொள்ளும். அத்தனை சிறிய துவாரத்தில் ஒளி விலகிப் பரவி, எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கும். எஃப் 8க்கு வந்துவிடுங்கள். அங்கே கூர்மை நன்றாக இருக்கும், ஆனால் கண்டிப்பாகப் பார்த்தால் 1.5 மி.மீ. ஆழம்தான் ஃபோகஸில் நிற்கும். 25 மி.மீ. ஆழமுள்ள ஜிமிக்கிக்கு 1 மி.மீ. இடைவெளியில் 25 ஃபிரேம் எடுத்து ஒட்ட வேண்டும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பது இதுதான்.

1. ஜிமிக்கியை மெல்லிய நைலான் நூலால் தொங்கவிடுங்கள், ஒரே நூலில் அல்ல, இரண்டு நூலில். ஒன்றில் தொங்கினால் மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.
2. ஏசியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, கீழே ஆடும் முத்துகள் அடங்கும்வரை காத்திருங்கள்.
3. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஐஎஸ்ஓ 100 எல்லாம் மேனுவல்.
4. கேமராவில் ஃபோகஸ் பிராக்கெட்டிங் (ஃபோகஸைத் தானாகவே படிப்படியாக நகர்த்தி எடுப்பது) இருந்தால் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் முத்திலிருந்து தொடங்கிப் பின் விளிம்புக்கு அப்பால் இரண்டு ஃபிரேம் வரை போகவிடுங்கள். இல்லையென்றால் கேமராவைச் சிறுகச் சிறுக நகர்த்தும் ஃபோகஸிங் ரெயில் தண்டு.
5. ஹெலிகான் ஃபோகஸ் அல்லது ஸெரீன் ஸ்டாக்கர் மென்பொருளில் ஒட்டுங்கள்.

நடுவில் ஒரு முத்து மட்டும் இரட்டையாகத் தெரிந்தால் அது ஆடியிருக்கிறது. திரும்ப எடுப்பதே சுலபம். விளிம்பைச் சுற்றிப் புகை போல ஒளிவட்டம் வந்தால் அது முன்பகுதியும் பின்பகுதியும் குறுக்கிடும் இடம். அங்கே ஒரே ஃபிரேமிலிருந்து எடுத்துக் கையால் தீட்ட வேண்டும். ஸ்ட்ரோப்பில் எடுத்தால் பவரைப் பாதிக்குக் கீழே வையுங்கள். முழு பவரில் 25 முறை அடித்தால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும்.

வைரம் வெறும் கண்ணாடித் துண்டு போல இருக்கிறது.

ட்ரேசிங் பேப்பர் வெளிச்சம் தங்கத்துக்கு நல்லது, வைரத்துக்கு ஆகாது. சின்ன, திரையில்லாத ஒரு லைட்டை மேலிருந்து சேருங்கள். டார்ச் அளவு எல்இடி போதும். அதை மெல்ல நகர்த்திக்கொண்டே பாருங்கள், முகப்புகள் சிதறி ஒளிரும் கோணம் தானாக அகப்படும்.

போலரைசர் போட்டால் பளபளப்பு போய்விடுமா?

கண்ணாடி, வார்னிஷ், தண்ணீர் ஆகியவற்றின் பளபளப்பு குறையும். வெறும் உலோகத்தின் பளபளப்பை லென்ஸில் மாட்டிய போலரைசர் மட்டும் தொடாது. லைட்டின் முன்னாலும் போலரைசிங் ஃபிலிம் மாட்டி, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால்தான் உலோகப் பளபளப்பு அணையும். அப்படி முழுவதும் அணைத்தால் தங்கம் செத்துப்போகும். பழைய ஓவியம், லேபிள் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுப்புடவையின் நிறம் கடையில் ஒன்று, படத்தில் ஒன்று. யார் தப்பு?

பல தப்புகள் ஒன்றாகச் சேர்வதுதான் வழக்கம், ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

காஞ்சிப் பட்டில் பலவற்றுக்குப் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். லைட் நூலின் போக்கில் விழுந்தால் ஒரு நிறம் மேலோங்கும், குறுக்கே விழுந்தால் மற்றது. கேமரா இங்கே பொய் சொல்லவில்லை. கடைக்காரர் அந்தப் புடவையை எந்த நிறம் என்று சொல்லி விற்கிறார் என்று கேட்டு, அது மேலோங்கும் கோணத்தில் லைட் வையுங்கள்; மடிப்பில் மற்ற நிறமும் மின்னட்டும்.

அடுத்தது ப்ரொஃபைல், அதாவது நிறத் திருத்தக் கோப்பு. 24 கட்ட நிற அட்டையை அதே லைட்டில் ஒரு ஃபிரேம் எடுத்து, அந்தக் கேமராவுக்கும் லைட்டுக்கும் தனி ப்ரொஃபைல் செய்துகொள்ளுங்கள். சாம்பல் அட்டையில் ஒயிட் பேலன்ஸ் மட்டும் பார்த்தால் சாம்பல் சரியாகும், எம்.எஸ். ப்ளூ சரியாகாது.

கறுப்பு ரவிக்கை மட்டும் பழுப்புச் சிவப்பாக வருகிறதா? சில செயற்கைத் துணிச் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும்; கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குக் கொஞ்சம் தெரியும். எல்இடியில் அகச்சிவப்பு குறைவு. அந்த லைட்டில் ஒரு ஃபிரேம் எடுத்துப் பாருங்கள், கறுப்பாகிவிட்டால் காரணம் இதுவே.

கடைசியில் அச்சு. ராணி பிங்க், பளீர் ராமர் பச்சை, சில ஊதாக்கள் ஆகியவை நான்கு மை (சிஎம்ஒய்கே) அச்சில் வரவே வராது. மை அந்த அளவுக்கு எட்டாது. சிஎம்ஒய்கே ப்ரூஃபைப் படப்பிடிப்பு முடிந்த கையோடு கிளையன்ட்டிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். தீபாவளி வாரத்தில் இதழ் கடைக்கு வந்தபிறகு நடக்கும் சண்டையில் புகைப்படக்காரர் ஜெயித்ததே இல்லை.

ஜரிகையில் வானவில் போலக் கோடுகள் வருகின்றன.

மொய்ரே. ஜரிகை இழைகளின் இடைவெளியும் சென்சார் பிக்சல் இடைவெளியும் கிட்டத்தட்டப் பொருந்தும்போது வருவது. முதலில் திரையில் 100 சதவீதத்தில் பாருங்கள். சுருக்கிப் பார்க்கும்போது மட்டும் தெரிந்தால் படத்தில் கோளாறு இல்லை. உண்மையாகவே இருந்தால் அரை அடி முன்னோ பின்னோ நகருங்கள், அல்லது பார்டரைச் சற்றே சாய்த்து வையுங்கள். எஃப் 16க்குப் போனால் வரும் லேசான மழுங்கல் இங்கே உதவும். நிறக் கோடுகளைப் பிறகு மென்பொருளில் துடைக்கலாம். வெளிச்சத்தில் விழுந்த அலைக்கோடுகளைத் துடைப்பது பெரும்பாடு.

ஜரிகை எழும்பித் தெரிய, துணிப் பரப்பிலிருந்து 20 முதல் 30 டிகிரி உயரத்தில் ஒரு ஸ்ட்ரிப்பாக்ஸ். இந்தச் சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும், ஆகவே ஸ்டீமரை முதலில் கையில் எடுங்கள்.

கண்ணாடி பாட்டிலுக்கு விளிம்பு தெரியவே இல்லை.

வெள்ளைப் பின்னணி என்றால்: பின்னால் உள்ள அக்ரிலிக்கில் ஃபிரேமை நிரப்பும் அளவுக்கு மட்டும் வெளிச்சம், அதற்கு வெளியே இரு பக்கமும் கறுப்பு அட்டை. கண்ணாடி அந்தக் கறுப்பை வளைத்து ஓரத்தில் கோடாகக் காட்டும். கறுப்புப் பின்னணி என்றால் நேர்மாறு: பாட்டிலுக்குப் பின்னால் கறுப்பு அட்டை, அதற்கும் பின்னால் அதைவிடப் பெரிய வெளிச்சப் பரப்பு. ஓரங்கள் ஒளிரும்.

உள்ளே இருக்கும் பானம் இருட்டாகத் தெரிந்தால், பாட்டிலின் வடிவத்துக்குச் சற்றே சிறியதாக வெள்ளி அட்டை வெட்டி, லேபிளுக்குப் பின்புறம் மறைத்து நிறுத்துங்கள்.

குளிர்ந்த துளிகளுக்கு: பாட்டிலைச் சோப்பு போட்டுக் கழுவி உலர்த்துங்கள். பானம் நிற்கும் மட்டத்துக்கு மேலே டேப் ஒட்டி மறைத்துவிட்டு, நிறமில்லா மேட் லாக்கர் இரண்டு மெல்லிய பூச்சு. உலர்ந்தபின் மருந்துக் கடைக் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து 30 செ.மீ. தூரத்திலிருந்து தெளியுங்கள். வெறும் தண்ணீர் நிமிடங்களில் வழிந்துவிடும். இது பல மணி நேரம் நிற்கும். ஐஸுக்கு அக்ரிலிக் கட்டிகள். ஆனால் விற்கப்படும் பொருள் அசலாக இருக்கட்டும். இல்லாத தரத்தைக் காட்டும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி உற்பத்தியாளர்மீது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

தண்ணீர் தெறிப்பது உறையாமல் வழிந்த கோடாக வருகிறது. எச்எஸ்எஸ் போடலாமா?

வேண்டாம். எச்எஸ்எஸ் (ஹை-ஸ்பீட் சிங்க்) என்பது ஷட்டர் கடக்கும் நேரம் முழுவதும் தொடர்ந்து துடிக்கும் ஒளி. அது உறைய வைக்காது. இங்கே உறைய வைப்பது ஃபிளாஷின் எரிநேரம். அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் டி0.5 (ஒளி உச்சத்தில் பாதிக்கு மேல் இருக்கும் நேரம்). டி0.1 (உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் நேரம்) என்ற எண்ணைத் தேடுங்கள், அதுதான் உண்மை நிலவரம், சுமார் மூன்று மடங்கு நீளம். தெறிப்புக்கு 1/5000 நொடி அல்லது அதைவிடக் குறைவாக வேண்டும். ஒளியை நடுவிலேயே துண்டித்துப் பவரைக் குறைக்கும் ஐஜிபிடி வகை ஸ்ட்ரோப்பில் பவரைக் குறைக்கக் குறைக்க எரிநேரம் சுருங்கும். பழைய வகை மோனோலைட்டுகள் பலவற்றில் குறைந்த பவரில் எரிநேரம் நீளும், பலர் தலைகீழாகச் செய்து குழம்புவது இங்கேதான்.

ஃபிரேமின் ஓரத்தில் கறுப்புப் பட்டை?

சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு போடக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள். 1/160க்கு இறக்குங்கள்.

லேப்டாப்பில் இணைத்துத்தான் எடுக்க வேண்டுமா?

ஆமாம். கேமராவின் பின்திரையில் தூசி தெரியாது, கிளையன்ட்டுக்கும் ஒன்றும் புரியாது. ஏஜென்சி தந்த லேஅவுட்டைப் படத்தின்மேல் மங்கலாகப் போட்டு, தலைப்புக்கும் லோகோவுக்கும் இடம் விட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்க்கலாம். 5 மீட்டருக்கு மேல் சாதாரண யுஎஸ்பி கேபிளை நீட்டினால் இணைப்பு அறுந்து அறுந்து போகும். சிக்னலைப் பெருக்கும் ஆக்டிவ் கேபிள் வாங்குங்கள். கேபிளைக் கேமராவோடு பிடித்துவைக்கும் கிளிப் இல்லையென்றால் யாராவது கால் தடுக்கும் நாளில் போர்ட் போய்விடும்.

நாளிதழில் படம் கரிப்பிடித்ததுபோல வருகிறது.

நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். நடு டோனில் அச்சுப் புள்ளி கால் பங்குக்கு மேல் பெருத்துவிடும். மொத்த மை அளவை (நான்கு மைகளின் சதவீதங்களைக் கூட்டியது) 240 சதவீதத்துக்குள் வையுங்கள் (வழுவழுப்புத் தாளில் 300 வரை போகலாம்). நிழல் பகுதிகளைத் திரையில் கொஞ்சம் வெளிறித் தெரியும் அளவுக்குத் தூக்குங்கள். மானிட்டரின் வெளிச்சம் அதிகமாக இருந்தாலும் இதே கோளாறு வரும். கேலிபரேட் செய்து, சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவில் வையுங்கள்.

எடுத்த படத்தின் காப்புரிமை யாருக்கு?

1957 காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் சொல்லிப் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே ஹோர்டிங்குக்கு என்று எடுத்த படம் மூன்று வருடம் கழித்துப் பொருளின் பெட்டியில் அச்சானாலும், எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் கேட்க வழியில்லை. எந்த ஊடகம், எத்தனை மாதம், எந்த ஊர் என்று கொட்டேஷனிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாடலிடமும் தனியாக ஒப்புதல் கடிதம்.

லென்ஸில் பூஞ்சை பிடிக்கிறது.

சென்னை, நாகர்கோவில் போன்ற கடலோர ஊர்களில் பைக்குள் வைத்தால் பிடிக்கத்தான் செய்யும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் நிற்கும் எலக்ட்ரானிக் டிரை கேபினெட் வாங்குங்கள். அதுவரை காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறிய ஈரப்பத மீட்டர். 30க்குக் கீழே இறக்காதீர்கள், ரப்பர் பாகங்கள் காய்ந்துவிடும். ஏசி ஸ்டுடியோவிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது பையைத் திறக்காமல் அரை மணி விட்டுவிட்டால் லென்ஸில் வியர்க்காது.